அதே வேகம், அதிகச் சூடு

காட்டுப்பாக்கத்தில் அந்த வீட்டின் மாடியறைக்குள் நுழைந்ததும் ஆனந்தன் முதலில் செருப்பைக் கழற்றினான். அடுத்து சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினான்.

"இன்னா தம்பி, உள்ள இட்லி எதுனா வேகுதா?"

சமீர் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவன் இல்லை. கண்கள் சிவந்து, தாடி தன்னிஷ்டத்துக்கு வளர்ந்து, நல்ல களையான முகத்தை இருபத்து நாலு வயதிலேயே பாழாக்கி வைத்திருந்தான். மேஜைமேல் இருந்த, பக்கவாட்டில் கண்ணாடி பதித்த கம்ப்யூட்டரைச் சுட்டிக் காட்டினான். உள்ளே ஊதா விளக்குகள் எரிந்தன. விசிறிகள், மேடேறும் லாரியைப் போல இரைந்தன.

"இதான் மேடம் கேஸு."

"எந்தக் கேஸு? இந்தப் பெட்டிக்கும் கேஸுன்னுதான் பேரு. அதான் கேட்டுக்கிறேன்" என்றான் ஆனந்தன்.

"ஆனந்தா" என்றார் நாகவல்லி.

அந்த ஒற்றைச் சொல்லுக்கு 'போதும்' என்று அர்த்தம். ஆனந்தனுக்கு அது தெரியும். தெரிந்து என்ன பயன்? அம்பத்தூரில் நடத்திவந்த செல்போன் ரிப்பேர் கடையை மூடிவிட்டு நாகவல்லியிடம் உதவியாளனாகச் சேர்ந்தபோது அவன் கடையை மட்டும்தான் மூடினான், வாயை மூடவில்லை.

நாகவல்லி மின்திருட்டுப் பிடிக்கும் படையில் பல வருஷம் இருந்தவர். கொக்கி போட்டவன், மீட்டரைச் சுற்றிக் கம்பி இழுத்தவன், பக்கத்து வீட்டு வயரில் ஏசி ஓட்டியவன் என்று எத்தனையோ பேரைப் பிடித்துவிட்டு, மேலதிகாரி ஒருவரின் மைத்துனரையும் பிடித்ததில் வேலை கசந்துபோய், கள்ளிக்குப்பத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே துப்பறியும் நிலையம் திறந்தவர். குரலை உயர்த்த மாட்டார். புருவத்தை மட்டும் உயர்த்துவார்.

"முதல்லேருந்து சொல்லு தம்பி. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனந்தனுக்குத் தெரியும்னு அவனே சொல்லிக்குவான்."

சமீர் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஓவர்கிளாக்கிங் போட்டி. ஜெயிக்கிற அணிக்கு பெங்களூரில் ஒரு நிறுவனத்தின் சோதனைக்கூடத்தில் வேலை. அதற்காகத்தான் அவனும் சரணும் ஒரு வருஷமாக இந்த அறையில் குடியிருக்காத குறையாகக் கிடந்தார்கள்.

"ஓவர்கிளாக்கிங்னா?" நாகவல்லி ஆனந்தனைப் பார்த்தார்.

"இந்தப் பெட்டியோட மூளைக்கு பிராசஸர்னு பேரு மேடம். அது இவ்ளோ வேகம் ஓடலாம்னு கம்பெனிக்காரன் ஒரு அளவு வச்சுக் குடுப்பான். அதையும் தாண்டி வெரட்டுறதுதான் இது. ஷேர் ஆட்டோல சீட்டு ரொம்பினப்புறமும், 'உள்ள தள்ளிக் குந்துங்க'ன்னு ஆளு ஏத்துறாங்கல்ல, அத்த மாதிரி."

"அப்படியெல்லாம் இல்ல. இது ஒரு கலை" என்றான் சமீர்.

"ஷேர் ஆட்டோக்காரரும் அத்தத்தான் சொல்றாரு."

நாகவல்லியின் புருவம் உயர்ந்தது. ஆனந்தன் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"போன வியாழக்கிழமை வரைக்கும் மெஷின் தங்கமா இருந்துச்சு மேடம்" என்று சமீர் தொடர்ந்தான். "வெள்ளிக்கிழமை காலைல ஆன் பண்ணி அதே வேகத்துல ஓட்டறேன், சூடு நூறு டிகிரியைத் தொடுது. தொட்டதும் பயந்துகிட்டு தானா வேகத்தைக் குறைச்சுக்குது. கரன்ட்டும் கண்ணாபின்னான்னு இழுக்குது. இது தானா நடக்கல. சரண் பண்ணது."

"அவன்தான்னு எப்படிச் சொல்ற?"

"போர்டுக்குள்ள இருக்கிற செட்டிங் எல்லாம் அவன் கையில. டெஸ்ட் ஓட்டறது மட்டும்தான் நான். வெளியாள்ல இந்த ரூம் சாவி வச்சிருந்தது அவன் ஒருத்தன்தான். வியாழக்கிழமை சாயந்திரம் நான் போட்டிக்காரங்க கூப்பிட்ட மீட்டிங்குக்கு அம்பத்தூர் போயிருந்தேன். அங்கேருந்து அவனுக்குப் போன் பண்ணா எங்கேஜ்டு. ரொம்ப நேரம் எங்கேஜ்டு. யார்கிட்ட பேசினேன்னு கேட்டா பதில் இல்ல. சாவியைப் பிடுங்கி அனுப்பிட்டேன். அடுத்த நாளே ஆவடி டீம் அவனைக் கூப்பிட்டிருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

அவனுக்கு என்ன வேண்டும் என்பதையும் சொன்னான். சரண்தான் மெஷினைக் கெடுத்தான் என்று ஒரு துப்பறியும் நிலையத்தின் அறிக்கை. அதை இன்று சாயந்திரம் ஆறு மணிக்குள் போட்டிக்காரர்களுக்கு அனுப்பிவிட்டால், சரணை இனி எந்தப் போட்டியிலும் சேர்க்க மாட்டார்கள்.

"பள்ளிக்கூடத்துலேருந்து ஒண்ணா இருந்தீங்களா?" என்று கேட்டார் நாகவல்லி.

"ஆறாவதுலேருந்து" என்றான் சமீர். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோலத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

நாகவல்லி தன் கைப்பையிலிருந்து சிறிய மின்மீட்டர் ஒன்றை எடுத்தார். பழைய வேலையிலிருந்து அவர் கூடவே வந்த ஒரே பழக்கம் அதுதான். கம்ப்யூட்டரை நிறுத்தச் சொல்லி, அதன் பிளக்கை மீட்டரில் சொருகி, மறுபடி ஓடவிடச் சொன்னார். சும்மா இருந்தபோது முள் அடக்கமாக இருந்தது. சமீர் சோதனையைத் தொடங்கியதும் சரசரவென்று ஏறியது.

"முன்னாடி இதே வேலைக்கு எவ்வளவு இழுக்கும்?"

"இதுல பாதிக்குக் கொஞ்சம் மேல."

நாகவல்லி பெட்டியின் பின்பக்கம் கையை வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார். ஆனந்தனும் வைத்துப் பார்த்தான். பிரியாணி தம் உடைக்கிறபோது முகத்தில் அடிக்கிற காற்று.

"சரி. கூலர் நிரபராதி" என்றார் நாகவல்லி.

சமீர் புரியாமல் பார்த்தான். "அதை எப்படி மேடம் தொட்டே சொல்றீங்க?"

"கூலரைக் கெடுத்திருந்தா சூடு உள்ளேயே தங்கிடும். பின்னாடி வர்ற காத்து வெதுவெதுன்னு இருக்கும். இங்க சூடு ஒழுங்கா வெளிய வருது, வந்துகிட்டே இருக்கு. அப்போ தப்பு சூட்டை வெளியேத்துற இடத்துல இல்ல, சூடு உண்டாகிற இடத்துல. மீட்டரும் அதைத்தான் சொல்லுது. வேகம் அதேதான், சாப்பாடு மட்டும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு."

"ஒளிஞ்சுகினு வேற புரோகிராம் எதுனா ஓடுதோ இன்னாவோ" என்றான் ஆனந்தன்.

"ஓடினா சும்மா இருக்கும்போதும் முள் ஏறியிருக்கும். அது தூங்கிட்டிருந்தது. நீயே பார்த்த."

ஆனந்தன் பார்த்திருந்தான்தான். ஆனால் பார்த்ததை இப்படி உபயோகிக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அந்த எரிச்சலில் அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு மதர்போர்டின் செட்டிங் திரைக்குள் போனான். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவன் விசிலடித்தான்.

"மேடம், எல்லாம் ஆட்டோல கீது. வோல்டேஜ் ஆட்டோ. இவ்ளோதான் இழுக்கலாம்னு வைக்கிற வரம்பு, அதுவும் ஆட்டோ. ஆட்டோன்னா போர்டு தன் இஷ்டத்துக்கு முடிவு பண்ணிக்கும். தம்பியோட சாஃப்ட்வேர் 'வேகமா ஓடு, வேகமா ஓடு'ன்னு மேலேருந்து வெரட்டுது. எங்க நின்னுடப்போவுதோன்னு போர்டு வோல்டேஜை வாரி வாரி ஊத்துது. கல்யாணப் பந்தில இலையைப் பாக்காம சாம்பார் ஊத்திகினே போவானே, அவன்தான் இது."

"பாத்தீங்களா? அவன் வச்ச அளவையெல்லாம் அவனே அழிச்சுட்டுப் போயிட்டான்" என்றான் சமீர்.

நாகவல்லி திரையை நெருங்கிப் பார்த்தார். பிறகு அதன் ஓரத்தில் விரல் வைத்தார்.

"இது என்ன தேதி? நாலஞ்சு வருஷம் பின்னாடி இருக்கு."

"அதுவா? பிராக்டீஸ் நேரத்துல எதுவும் குறுக்க வரக்கூடாதுன்னு நெட்டைக் கட் பண்ணி வச்சிருக்கேன். அதான்."

"எங்க ஊட்டு சுவத்துல மாட்டியிருக்கிற கடிகாரத்துக்கு எந்த நெட்டு கீது தம்பி?" என்றான் ஆனந்தன். "அது பாட்டுக்குக் கரெக்டாத்தானே ஓடுது."

"அதுல பேட்டரி இருக்கு" என்றார் நாகவல்லி.

அதைக் கேட்டதும் ஆனந்தன் எழுந்தான். மெஷினை அணைத்து, பக்கக் கண்ணாடியைக் கழற்றி, செங்கல் கனமிருந்த கிராஃபிக்ஸ் கார்டை மெல்ல வெளியே எடுத்தான். அதற்கடியில், மதர்போர்டில், ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஒரு வட்ட பேட்டரி. அதை நெம்பி எடுத்து, தன் பையிலிருந்த மல்ட்டிமீட்டரில் வைத்தான்.

"செத்துப்போச்சு. கரன்ட் இல்லாதப்ப கடிகாரத்தையும் செட்டிங்கையும் ஞாபகம் வச்சுக்கிறது இதான் மேடம். இது போனா போர்டுக்கு எல்லாம் மறந்துடும். ஆட்டோக்குப் போயிடும்."

"அது சாக சான்ஸே இல்ல" என்றான் சமீர். "போர்டு புதுசு. ரம்ஜானுக்கு அப்புறம்தான் வாங்கினோம்."

"போர்டு புதுசு. பேட்டரி பழசு" என்று அதை வெளிச்சத்தில் பிடித்தான் ஆனந்தன். மேல்தகடு மங்கி, விளிம்பில் கீறல்கள் விழுந்திருந்தன. "எவனோ நல்லதை எடுத்துகினு இத்தப் போட்டுட்டுப் போயிருக்கான்."

"சரண்தான்."

"இருக்கலாம்" என்றார் நாகவல்லி. "ஆனா ஒண்ணு சொல்லு தம்பி. உன்னைத் தோக்கடிக்கணும்னு நினைக்கிற, இதெல்லாம் தெரிஞ்ச ஒருத்தன், ஒரே ஒரு நம்பரை மாத்திட்டுப் போயிருப்பான். நீ ஜென்மத்துக்கும் கண்டுபிடிச்சிருக்க மாட்ட. அவன் எதுக்குக் கார்டைக் கழட்டி, பேட்டரியை மாத்தி, கார்டைத் திரும்ப மாட்டணும்? இதுல கடிகாரம் வேற நிக்குது. உன் கடிகாரத்தோட எவனுக்கு என்ன பகை?"

சமீர் குனிந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"இன்னொரு சந்தேகம் ஆனந்தா. பேட்டரி செத்தாலும், சுவத்துலேருந்து கரன்ட் வந்துகிட்டு இருந்தா மறக்குமா?"

"மறக்காது மேடம். சுவிட்சை அணைச்சாத்தான் மறக்கும்."

"வியாழக்கிழமை ராத்திரி சுவிட்சை அணைச்சது யாரு?"

சமீர் சுவரிலிருந்த சுவிட்சைப் பார்த்தான். "நான்தான். இடி மின்னலா இருந்துச்சு. மெஷினுக்கு ஏதாவது ஆயிடப்போகுதுன்னு..."

"அப்போ கொலைக்கு உடந்தை நம்ம பார்ட்டிதான்" என்றான் ஆனந்தன், மெதுவாக.

நாகவல்லி அறையைச் சுற்றிப் பார்த்தார். மறுபக்கச் சுவரில் ஒரு கதவு. திறந்தால் மொட்டைமாடி. கொடியில் துப்பட்டாக்களும் கைலிகளும் காற்றில் ஆடின.

"துணி காயப்போட இந்த ரூம் வழியாத்தான் போகணுமா?"

"ஆமா. அம்மாவும் ஹிபாவும் வருவாங்க. சமையல்கட்டுல ஒரு சாவி தொங்கும். அவங்களுக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது மேடம். மெஷின் பக்கத்துல வரக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

கீழே கூடத்தில் சமீரின் அம்மா அஷ்ரஃபுன்னிசா எலுமிச்சைச் சர்பத்தோடு காத்திருந்தார். வேண்டாமென்றால் விடுகிற முகமில்லை. நாகவல்லி வாங்கிக் குடித்தார். ஆனந்தன் இரண்டாவது டம்ளரும் குடித்தான். மூலையில் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கல்யாண ரவிக்கைத் துணியில் ஹிபா ஆரி ஊசியால் மணி கோத்துக்கொண்டிருந்தாள். சமீரின் தங்கை, கல்லூரி முடித்தவள். அவர்கள் இருந்தவரை அவள் தலையை நிமிர்த்தவேயில்லை.

"சரணைப் பார்த்துட்டு வர்றோம்" என்று நாகவல்லி சமீரிடம் சொன்னபோது மட்டும் அவள் ஊசி ஒரு மணியைத் தவறவிட்டது.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையைத் தாண்டி ஆனந்தனின் ஸ்கூட்டர் குடோன்கள் வரிசையாக நிற்கிற சாலைக்குள் திரும்பியது. ஒரு குடோனில் சரணுக்கு கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கிற வேலை. வாசலில் இருந்த டீக்கடைக்கு அவனை வரவழைத்தார்கள். ஒல்லியான பையன். கம்பெனி டீ-ஷர்ட்டில் இன்னொரு ஆள் நுழைகிற அளவுக்கு இடமிருந்தது.

நாகவல்லி வந்த விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே அவன் சொன்னான்:

"நான்தான் செஞ்சேன்னு எழுதிக்குங்க மேடம். ஆறு மணிக்குள்ள குடுக்கணும்ல."

ஆனந்தன் டீயை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நின்றான். பல கேஸ்களில் ஓடிப் பிடித்து, மிரட்டி, கெஞ்சி வாங்கிய வாக்குமூலம் இங்கே டீயோடு சேர்ந்து மேஜைக்கு வந்துவிட்டது.

"எப்படிச் செஞ்ச?" என்று கேட்டார் நாகவல்லி.

"வோல்டேஜை ஏத்தி வச்சேன்."

"எவ்வளவுக்கு?"

சரண் ஒரு எண்ணைச் சொன்னான்.

"அங்க ஒரு எண்ணும் இல்லப்பா. எல்லாம் ஆட்டோல இருக்கு" என்றார் நாகவல்லி. "செஞ்சவனுக்கு என்ன செஞ்சோம்னு தெரிஞ்சிருக்கும். உனக்குத் தெரியல. யாரைக் காப்பாத்தற?"

"யாரையும் இல்ல."

"வியாழக்கிழமை சாயந்திரம் போன்ல யாரு?"

"ஆவடி டீம்."

"அவங்க சனிக்கிழமைதானே கூப்பிட்டாங்க."

சரண் கண்ணாடி டம்ளரை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினான். "மேடம், நான் ஆவடி டீமுக்குப் போகல. வரலைன்னு சொல்லிட்டேன். சமீருக்கு அந்த வேலை கிடைக்கணும். எம்மேல கோவத்துலயாவது நல்லா ஓட்டிடுவான். விட்டுடுங்க."

அவனிடமிருந்து இதற்குமேல் ஒன்றும் வராது என்று ஆனந்தனுக்குத் தோன்றியது. நாகவல்லிக்கும் தோன்றியிருக்க வேண்டும். அவர் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். போகிற போக்கில், யாரிடமோ பேசுவதுபோலச் சொன்னார்:

"சமீரோட அம்மா சர்பத் குடுத்தாங்க. ரொம்ப நல்லா இருந்தது."

"அவங்களும் குடிச்சாங்களா?" என்று சட்டென்று நிமிர்ந்தான் சரண். "சுகர் இப்ப சரியாயிடுச்சா?"

கேட்டுவிட்டான். கேட்ட பிறகு, வாயிலிருந்து போனதைக் கையால் பிடிக்க முடியுமா என்பதுபோல உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

"எப்போ சரியில்லாம இருந்துச்சு?" என்றார் நாகவல்லி.

சரண் காலி டம்ளரைத் தூக்கி இல்லாத டீயைக் குடித்தான்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது ஆனந்தனால் பொறுக்க முடியவில்லை. சுற்றிலும் கேஸ் கொடுத்தவர்கள் யாரும் இல்லையென்றால் அவனுக்கு மேடம் அக்காவாகிவிடுவார்.

"அக்கா, ஊட்டைவிட்டு வெரட்டின பையன், அந்தம்மாவோட சுகரை எதுக்குக் கேக்கறான்?"

"அதைவிட முக்கியமான கேள்வி, அவனுக்கு அது எப்படித் தெரியும்? சமீர் நம்மகிட்ட இவ்வளவு பேசினான், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம போச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னானா?"

"சொல்லலியே."

"ஏன்னா அவனுக்கே தெரியாது" என்றார் நாகவல்லி. "வேகமாப் போ. ஆறு மணிக்குள்ள போகணும்."

"வண்டியை ஓவர்கிளாக் பண்ணவா?"

"ஹெல்மெட்டை ஒழுங்கா மாட்டு."

அவர்கள் கூடத்தில் நுழைந்தபோது சமீர் மாடிப்படியில் உட்கார்ந்து கைபேசியில் புகாரைத் தட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் எழுதி முடித்து, அனுப்பவேண்டியதுதான் பாக்கி என்றான்.

"ஒரு நிமிஷம் பொறு" என்றார் நாகவல்லி. அஷ்ரஃபுன்னிசாவின் பக்கம் திரும்பினார். "அம்மா, சுகர் பாக்கிற மெஷின் வச்சிருக்கீங்களா? அலைஞ்சதுல தலை சுத்தற மாதிரி இருக்கு."

அலமாரியிலிருந்து வந்தது சின்னக் கருவி. நாகவல்லி அதை வாங்கினார். விரலை நீட்டவில்லை. ஆனந்தனிடம் கொடுத்தார். அவன் பின்மூடியைத் தள்ளினான். உள்ளே பளபளவென்று புத்தம்புது வட்ட பேட்டரி. சட்டைப் பையிலிருந்த செத்த பேட்டரியை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். ஒரே அளவு, மேலே பொறித்த எண்ணும் ஒன்றே. பழசு இங்கிருந்து மாடிக்கு ஏறியிருக்கிறது, புதுசு மாடியிலிருந்து இங்கே இறங்கியிருக்கிறது.

மரச்சட்டத்தில் ஊசி நின்றுவிட்டது.

"நான்தான் எடுத்தேன்" என்றாள் ஹிபா.

சமீர் படியிலிருந்து எழுந்தான். "நீயா? உனக்கு அதுல என்ன..."

"வியாழக்கிழமை சாயந்திரம் அம்மாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை காலு நடுங்க ஆரம்பிச்சுது. கூப்பிட்டா பேச்சு குழறுது. சுகர் ஏறிடுச்சா இறங்கிடுச்சான்னு தெரியல. மத்தியானம்தான் ஏகத்துக்கு ஏறியிருந்துச்சு, ஊசி போட்டாங்க. சுகர் பாக்கிற மெஷினை எடுத்தா பேட்டரி அவுட்டு. வெளிய நல்ல மழை. அத்தா ஊர்ல இல்ல." ஹிபாவின் குரல் நடுங்கவில்லை. இதைப் பலமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். "உனக்குத்தான் முதல்ல பண்ணேன். கட் பண்ணிட்ட. திரும்பப் பண்ணேன். திரும்பக் கட் பண்ணிட்ட."

சமீர் கைபேசியில் வியாழக்கிழமை அழைப்புகளைத் தேடினான்.

"மீட்டிங்ல இருந்தேன்" என்றான் சமீர். "எப்பவும் போல எதாவது வாங்கிட்டு வரச் சொல்றியோன்னு..."

"அதான் சரண் அண்ணாவுக்குப் பண்ணேன். முதல்ல சர்க்கரைத் தண்ணி குடு, அப்புறம் மத்ததுன்னாங்க. அதே மாதிரி பேட்டரி உங்க மெஷின்ல இருக்குன்னு சொல்லி, எப்படிக் கழட்டறதுன்னு போன்லயே சொன்னாங்க. இடம் காலியா இருக்கக்கூடாதுன்னு பழசை அங்க வச்சேன். போட்டுப் பார்த்தா சுகர் ரொம்ப இறங்கியிருந்துச்சு. அம்மா கண்ணைத் திறந்து நல்லாப் பேசற வரைக்கும் அவங்க போனை வைக்கல."

சரணின் போன் எங்கேஜ்டாக இருந்தது அந்த நேரத்தில்தான்.

"மறுநாள் காலைல வந்து புது பேட்டரி போட்டு எல்லாத்தையும் சரி பண்ணிடறேன்னாங்க. அதுக்குள்ள நீ மெஷினை ஆன் பண்ணி, அவங்க வந்து நிக்கும்போதே சாவியைப் பிடுங்கிட்ட."

"ஏன்டி சொல்லல?" என்று கேட்டான் சமீர். கோபமாகக் கேட்க நினைத்த கேள்வி பாதியில் இளகிவிட்டது.

"நான்தான் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்" என்றார் அஷ்ரஃபுன்னிசா. "ரெண்டு பேர்கிட்டயும். புள்ள போட்டிக்குப் போறான், அவன் போனைக் கட் பண்ண நேரத்துல எனக்கு இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா ஒடிஞ்சுபோயிடுவான், முடியட்டும்னேன். நீங்க சண்டை போட்டுக்கிட்டது உங்க மெஷின் தகராறுன்னு நினைச்சேன்பா. ஒரு பொட்டு பேட்டரிக்காக இவ்ளோ ஆகும்னு எனக்கு என்ன தெரியும்? ஹிபாவும் அது கடிகாரத்துக்குத்தான்னு நினைச்சுக்கிட்டா."

சமீர் கைபேசியைப் பார்த்தான். எழுதி வைத்திருந்த புகாரை அழித்தான். பிறகு சரணின் எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான். என்ன பேசினான் என்று யாருக்கும் கேட்கவில்லை. அதிகம் பேசியதாகவும் தெரியவில்லை. திரும்பி வந்து அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தான். அவர் அவன் தாடியைப் பிடித்து, "இதை முதல்ல எடு, பார்க்கச் சகிக்கல" என்றார்.

சரண் வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வழியில் வாங்கிய புது பேட்டரி அவன் கையில். சமீரைப் பார்த்தான், அஷ்ரஃபுன்னிசாவைப் பார்த்தான், அவர் தலையசைத்ததும் மாடியேறினான். எல்லாரும் பின்னாலேயே ஏறினார்கள். அந்த அறையில் அத்தனை பேர் ஒருசேர நின்றது அதுவே முதல் முறையாக இருக்கும்.

பேட்டரியைப் போட்டு, கார்டை மாட்டி, செட்டிங் திரைக்குள் போனான் சரண். தான் வைத்த அளவுகளையெல்லாம் பேட்டரி போனாலும் அழியாத ஓர் இடத்தில் நகல் எடுத்து வைத்திருந்தான். இரண்டு தட்டில் எல்லாம் திரும்பி வந்தன.

"இங்க ஒரு காப்பி இருக்குன்னு எனக்குத் தெரியாதே" என்றான் சமீர்.

"நீ எப்ப இந்தப் பக்கம் வந்த? ஓட்டு, ஓட்டுன்னுதான் சொல்லுவ." சரண் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இத்தனை நாளா அந்தச் சூட்டுலயா ஓட்டிகினு இருந்த? இது பொழச்சதே பெரிசுடா."

சமீர் சோதனையைத் தொடங்கினான். நாகவல்லியின் மீட்டரில் முள் ஏறி, பழைய இடத்தில் சாதுவாக நின்றது. விசிறிகளின் இரைச்சல் அடங்கி, கீழே தெருவில் போகிற பால்காரரின் ஹாரன் கேட்டது. ஆனந்தன் பெட்டியின் பின்னால் கையை வைத்துப் பார்த்தான்.

"இப்போ குந்தலாம்" என்று மேல்பட்டனைப் போட்டுக்கொண்டான்.

"தப்புப் பண்ணிட்டேன்டா" என்றான் சமீர்.

"தெரியும். சூட்டைப் பாரு" என்றான் சரண்.

சற்று நேரம் எல்லாரும் சூட்டையே பார்த்தார்கள். அது ஏறவில்லை. சரண் கார்டின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே சொன்னான்:

"ஒண்ணு பாத்தியா? இந்தக் கார்டைக் கழட்டற கிளிப்பு எவ்ளோ மோசம்னு உனக்குத் தெரியும். முதல் தடவை கழட்டினப்ப நான் ஒரு கிளிப்பையே உடைச்சேன். ஹிபா போன்ல கேட்டுக்கினே, அம்மா அப்படிக் கிடக்கிற நேரத்துல, கழட்டி மாட்டியிருக்கா. ஒரு கீறல் இல்ல. ஒரு திருகாணி லூஸ் இல்ல."

சமீர் திரும்பித் தங்கையைப் பார்த்தான். மொட்டைமாடிக் கதவருகே அவள் கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். போட்டிக்கு ஒவ்வோர் அணியும் ஓர் உதவியாளரைக் கூட்டிவரலாம் என்று ஒரு விதி இருந்தது. அந்த இடத்துக்கு அவர்கள் இதுவரை யாரையும் யோசிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை என்ன பண்ற?" என்று கேட்டான் சமீர்.

"துணி துவைக்கணும்" என்றாள் ஹிபா.

"துவைக்காத."

அவள் கையிலிருந்த கைலியை அவன்மேல் எறிந்துவிட்டு, மேஜைக்கு வந்து, திரையைப் பார்க்க வசதியாக அண்ணனை ஓரமாகத் தள்ளினாள்.